ஒழுக்கப் பதிவு: சீ.ஆர். கொப்பியா, புள்ளி அட்டையா, எக்செல்லா?

போன தவணை முடிவில் திருகோணமலையில் உள்ள எங்கள் பாடசாலையின் ஒழுக்காற்றுக் குழுக் கூட்டம் ஒன்றரை மணித்தியாலம் நடந்தது. அதில் முக்கால்வாசி நேரம் ஒரே கேள்விக்குப் போனது: பிள்ளைகளின் குழப்படிகளை எதில் எழுதி வைப்பது? "எழுதித்தானே வைக்கிறோம்" என்று சொல்லிப் பிரதி அதிபர் சீ.ஆர். கொப்பியை, அதாவது தடித்த உறை போட்ட பதிவுக் கொப்பியை, எடுத்து மேசையில் வைத்தார். உறை கிழிந்து மூலைகள் சுருண்ட கொப்பி. இரண்டு வருடத்துக் கதைகள் அதற்குள் இருந்தன. ஓர் இரவு வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அப்படி வாங்கிப்போனதே பிழை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பதிவு இப்படி இருந்தது: "10.45. 9பி மாணவன் ஆசிரியரை மதிக்காமல் நடந்துகொண்டான். எச்சரிக்கப்பட்டது. பெற்றோர் அழைக்கப்பட்டனர்." கீழே தகப்பனின் கையொப்பம், எழுத்துக்கூட்டி எழுதியது போல. அந்தப் பிள்ளை என்ன சொன்னான், எந்த இடத்தில் சொன்னான், அப்போது வகுப்பில் யார் இருக்க வேண்டும், ஏன் இருக்கவில்லை, ஒன்றும் இல்லை. ஆனால் நேரம் இருந்தது. பக்கம் புரட்டப் புரட்ட 10.40, 10.50, 10.45 என்று திரும்பத் திரும்ப வந்தது. பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். நேரம் எழுதியிருந்த பதிவுகளில் பெரும்பகுதி இடைவேளை முடிந்த கையோடு நடந்தவை.

மறுநாள் ஆசிரியர் லீவுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விசயம் அங்கே கிடந்தது. ஆசிரியர் லீவில் நின்ற நாட்களில், இடைவேளைக்குப் பிந்திய பாடவேளைக்குப் பதில் ஆசிரியர் போடப்படவில்லை. காரணம் எளிது. ரிலீவ், அதாவது பதில் ஆசிரியர் பட்டியல், போடும் ஆசிரியருக்கு முதல் நான்கு பாடவேளையும் வகுப்பு. இடைவேளையில்தான் அவர் பேனையை எடுப்பார். பட்டியல் முடிந்து ஆள் வகுப்புக்குப் போக 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தில் 9பி வகுப்பில் 38 பிள்ளைகளும் ஒரு கரும்பலகையும் மட்டும். இரண்டு வருடமாகத் தகப்பன்மார் வந்து கையொப்பம் வைத்துப் போனது எங்களுடைய நேரசூசிப் பிழைக்கு.

அதனால்தான் எதில் எழுதுவது என்பதை நான் வெறும் எழுதுகருவி விசயமாகப் பார்க்கவில்லை. எழுதியதிலிருந்து பாடசாலை என்ன முடிவை எடுக்கலாம் என்பதே அளவுகோல். கூட்டத்தில் நாலு யோசனை வந்தது. ஒவ்வொன்றையும் அந்தக் கோலால் அளந்து பார்த்ததை எழுதுகிறேன். எங்கள் மாதிரி நடுத்தரமான பாடசாலைகளில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் இருப்பதை அப்படியே வைத்திருக்கும் யோசனை. அதிபரின் சம்பவத்திரட்டுப் புத்தகமும் பிரதி அதிபரின் சீ.ஆர். கொப்பியும். இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாரதூரமான சம்பவம் ஒன்று நடந்தால் அன்றைக்கே, திகதியோடு, கையொப்பத்தோடு எழுதிய காகிதம்தான் பிள்ளையையும் ஆசிரியரையும் காப்பாற்றும். கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் ரீதியான தண்டனைக்கு இடமில்லை என்கிறது. ஒரு மாணவனின் காதில் ஆசிரியர் அறைந்த வழக்கில் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்த மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. பிரம்பு போன பிறகு பேனைதான் மிச்சம். ஆகவே சம்பவத்திரட்டு இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் அது ஒரு பிள்ளை, ஒரு சம்பவம் என்று போகும் புத்தகம். எண்ணுவதற்காக எழுதப்பட்டதல்ல. நான் பென்சிலோடு ஓர் இரவு குந்தியிருக்காவிட்டால் ரிலீவ் கதை வெளியில் வந்திராது. இன்னொன்று, பெரிய விசயம் மட்டுமே அதில் ஏறும். கன்ரீன் வரிசையில் தினமும் நடக்கிற தள்ளுமுள்ளு ஏறாது. ஒருநாள் ஒருவனின் பல் உடைந்த பிறகுதான் ஏறும்.

இரண்டாவது, புள்ளி அட்டை. இளம் ஆசிரியர் ஒருவரின் யோசனை, நல்ல மனதோடு சொன்னார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தவணைத் தொடக்கத்தில் 100 புள்ளி. பிந்தி வந்தால் 5 குறையும், வீட்டுவேலை செய்யாவிட்டால் 5, சண்டைக்கு 20. தவணை முடிவில் மிச்சப் புள்ளி நற்சான்றிதழுக்குப் போகும். வெளிநாடுகளில் கிளாஸ்டோஜோ மாதிரிச் செயலிகளில் இதே விளையாட்டுத்தான், பெற்றோரின் போனுக்கும் நேரே போய்விடும். பிள்ளைகளுக்கு விளங்கும், பெற்றோருக்கும் விளங்கும், செலவும் இல்லை.

எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை. 70 புள்ளியோடு நிற்கிற இரண்டு பிள்ளைகளை எடுங்கள். ஒருத்தி ஆறு நாள் பிந்தி வந்தவள். மற்றவன் ஒரு சண்டை போட்டு, இரண்டு முறை வீட்டுவேலை செய்யாமல் வந்தவன். இருவருக்கும் ஒரே எண். கத்தரிக்காயையும் கருவாட்டையும் ஒரே தராசில் கூட்டிப் போட்டு மொத்தம் எத்தனை கிலோ என்று கேட்பது போல. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அதிபர் என்ன முடிவெடுப்பார்? கடமைப் பட்டியலை மாற்றுவாரா, நேரசூசியை மாற்றுவாரா? ஒன்றும் முடியாது. பிள்ளையைத் தண்டிக்க மட்டுமே அந்த எண் உதவும்.

பிந்தி வருவதையே எடுத்துக்கொள்வோம். 7.30க்கு மணி அடிக்கிறது. 7.45க்குக் கேற்றடியில் நிற்கிற பிள்ளைகள் யார் என்று வாச்சர் ஐயாவைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்: நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கத்துப் பிள்ளைகள். ஒரு தாய் என்னிடம் நேரே கேட்டார்: "சேர், பஸ் வந்தாத்தானே பிள்ளை வரும்? நான் என்ன, தோளில தூக்கிக்கொண்டா வாறது?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஆசிரியர்களும் பிள்ளைகளும் 'பாதை' என்ற மிதவைப் படகு பிந்தினால் பிந்தினார்கள். தண்ணீரில் நின்ற பாதையின் பிழையை நாங்கள் பிள்ளையின் பெயரில் எழுதினோம். புள்ளி அட்டை வந்தால் அதே கதை அட்டையில் வரும், அவ்வளவுதான்.

மூன்றாவது, கூகுள் ஃபோம். தகவல் தொழில்நுட்ப ஆசிரியரின் யோசனை. அவர் கூட்டத்துக்கே மாதிரி ஒன்று செய்துகொண்டு வந்திருந்தார். போனில் இணைப்பைத் தட்டி, தரம், இடம், நேரம், என்ன நடந்தது என்று நாலைந்து தெரிவுகளை அமத்தினால் கூகுள் ஷீட்ஸ் தாளில் தானாகப் போய் விழுகிறது. வட்ட வரைபும் சலாகை வரைபும் உடனே வருகின்றன. நான் ஓர் இரவு முழுக்கச் செய்ததை அது கண் மூடித் திறக்கிற நேரத்தில் செய்யும். மறுக்க முடியாத பலம்.

பலவீனங்களும் உண்டு. வகுப்பில் பிள்ளைகளிடம் போனைப் பறித்து வைத்துவிட்டு அதே வகுப்பில் ஆசிரியர் போனைத் தட்டிக்கொண்டு நிற்பது அழகில்லை. ஓய்வு பெற ஒன்றிரண்டு வருடம் இருக்கிற ஆசிரியர்கள் இதைத் தொடவே மாட்டார்கள்; அப்போது வரைபில் தெரிவது பாடசாலை அல்ல, போன் பிடித்த ஆறேழு ஆசிரியர்களின் வகுப்புகள். இதெல்லாம் பயிற்சியால் சரிவரும். சரிவராதது வேறொன்று. அந்தத் தாள் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது? அந்த ஆசிரியருடையதில். ஜனவரியில் அவருக்கு மூதூருக்கோ கந்தளாய்க்கோ இடமாற்றம் வந்தால் தாளும் அவரோடு பஸ் ஏறும். நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் இப்படித்தான் ஐந்து வருடப் புள்ளிப் பதிவு ஓர் ஆசிரியரின் மடிக்கணினியோடு போய்ச் சேர்ந்தது. இடையில் யாராவது தாளைப் படம் பிடித்து ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் போட்டால் மாலைக்குள் ஊருக்கே தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. நான் சீ.ஆர். கொப்பியைப் பையில் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனதும் இதே பிழைதான். போகிற வழியில் மரக்கறிக் கடையில் வேறு பையை மறந்து வைத்துவிட்டு ஓடிப்போய் எடுத்தேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நாலாவது யோசனையை யாரும் கேட்கவில்லை, நான்தான் கொண்டுபோனேன். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்விஸ் (SWIS) என்ற ஒழுக்கப் பதிவு முறை. பணம் கட்டிப் பாவிக்க வேண்டியது, முழுக்க ஆங்கிலம், எங்களுக்குச் சரிவராது. ஆனால் அதன் உள்ளே இருக்கிற கேள்விகளுக்குக் காசில்லை. அந்த முறை தொடக்கத்திலிருந்து முக்கியமாகப் பார்க்கச் சொன்னவை ஐந்து: ஒரு நாளுக்குச் சராசரி எத்தனை சம்பவம், எந்த வகைக் குழப்படி, எந்த இடம், எந்த நேரம், எந்தப் பிள்ளை. பிள்ளை ஐந்தில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். எங்கள் கொப்பியில் பிள்ளைதான் எல்லாம்.

முதல் கேள்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாதத்துக்கு எத்தனை என்று அது கேட்பதில்லை, பாடசாலை நடந்த ஒரு நாளுக்கு எத்தனை என்று கேட்கிறது. உதாரணத்துக்கு, பெப்ரவரியில் 18 நாள் பாடசாலை நடந்து 36 சம்பவம் பதிவானது என்று வைப்போம். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை போக 8 நாள்தான் நடந்தது, 24 சம்பவம். மொத்தத்தைப் பார்த்தால் ஏப்ரலில் பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று கூட்டத்தில் கைதட்டுவோம். நாளுக்கு என்று பிரித்தால் 2 இலிருந்து 3க்கு ஏறியிருக்கிறது. கைதட்ட ஒன்றுமில்லை.

அதே முறை இன்னொன்றையும் பிரிக்கச் சொல்கிறது: வகுப்பிலேயே ஆசிரியர் தீர்க்க வேண்டியது எது, அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது எது. எங்கள் கூட்டத்தில் மிகச் சூடான வாக்குவாதம் இதில்தான் வந்தது. பேனை கொண்டு வராத பிள்ளையைப் பிரதி அதிபரிடம் அனுப்புகிற ஆசிரியரும் இருக்கிறார். வகுப்பில் கதிரை பறந்தாலும் வெளியில் சொல்லாத ஆசிரியரும் இருக்கிறார். இருவரின் பதிவையும் கூட்டி வருகிற எண் எதைச் சொல்லும்? ஆகவே முதலில் எது எது என்று ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் ஒத்துக்கொண்டு, பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும். இதற்கு ஒரு பிற்பகல் முழுக்கப் போகும். போகட்டும்.

'மதிக்காமல் நடந்தான்' என்ற சொல்லுக்கு இங்கேதான் வருகிறேன். அமெரிக்காவில் அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2018இல் வெளியிட்ட அறிக்கை: 2013-14 பாடசாலை ஆண்டில் கறுப்பினப் பிள்ளைகள் மாணவர் தொகையில் 15.5 வீதம், இடைநிறுத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ 39 வீதம். அதற்கு முன்பே, 2002இல், ரஸ்ஸல் ஸ்கீபாவும் கூட்டாளிகளும் காட்டியது இன்னும் கூர்மையானது. வெள்ளையினப் பிள்ளைகள் புகைபிடித்தல், பொருளை உடைத்தல் போன்ற கண்ணால் காணக்கூடியவற்றுக்கு அனுப்பப்பட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகள் மரியாதைக் குறைவு, சத்தம் போன்று ஆசிரியரின் மனம் தீர்மானிக்கிறவற்றுக்கு அனுப்பப்பட்டார்கள். அது அவர்கள் நாட்டுக் கதை, சரி. எங்கள் கொப்பியில் அந்தச் சொல் யாருக்கு விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். கடற்கரைத் தெருப் பிள்ளைகளுக்கு அதிகம் விழுந்திருந்தது. கடலில் காற்றை மீறிக் கூப்பிட்டுப் பழகிய வீட்டில் வளர்கிற பிள்ளை உரத்துத்தான் பேசும். உவர்மலையில் அரசாங்க விடுதி வீட்டில் வளர்கிற பிள்ளை அதே மறுப்பைத் தணிந்த குரலில் சொல்லிவிட்டுத் தப்பிவிடும். இதைக் கூட்டத்தில் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒரு ரீச்சர் மட்டும், "நானும் இரண்டு பேருக்கு அப்படி எழுதினனான்" என்றார். புதிய துண்டில் 'மரியாதைக் குறைவு' என்ற பெட்டி இல்லை. என்ன சொன்னான் என்பதை அப்படியே எழுத ஒரு கோடு இருக்கிறது.

புதிய துண்டு என்றேன். நாங்கள் கடைசியில் போய் நின்றது அதில்தான்: ஏ4 தாளின் பாதி. மேலே திகதி, பாடவேளை, இடம், வகை. எல்லாம் புள்ளடி போடுகிற பெட்டிகள். இடத்துக்கு எட்டுப் பெட்டி: வகுப்பு, நடைபாதை, கன்ரீன், விளையாட்டு மைதானம், மலசலகூடப் பக்கம், கேற், ஆய்வுகூடம், பஸ் தரிப்பிடம். ஆசிரியர் வகுப்பில் இருந்தாரா, ரிலீவா, யாரும் இல்லையா என்று ஒரு வரி. இந்த வரியை நான் சண்டை பிடித்துத்தான் வாங்கினேன். பிறகு ஒரு வெட்டுக் கோடு. அதற்குக் கீழேதான் பிள்ளையின் பெயர். மேல்பாதி கிழிக்கப்பட்டு ஆசிரியர் அறைப் பெட்டிக்குள் போகும். கீழ்ப்பாதி வகுப்பாசிரியருக்கு, அவரிடமிருந்து வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியருக்கு. ஒரே மாதத்தில் ஒரே பெயர் மூன்று முறை வந்தால் ஆலோசனை ஆசிரியர் பிள்ளையோடு இருந்து கதைப்பார், அவ்வளவுதான். ஆண்டு முடிவில் கீழ்ப்பாதிகள் எரிக்கப்படும். ஆறாம் தரத்தில் மாங்காய்க்குக் கல் எறிந்தவன் உயர்தரத்தில் மாணவ தலைவனாக நிற்கும்போது யாரும் அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது.

பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தல் நடக்கிறது என்ற சந்தேகம் துண்டில் எழுதுகிற விசயமே அல்ல. அது நேரே அதிபருக்கும், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கும் போக வேண்டியது. இதைத் துண்டின் பின்பக்கத்தில் தடித்த எழுத்தில் அடித்திருக்கிறோம்.

மேல்பாதிகளை மாதக் கடைசி வெள்ளியில் எக்செல்லில் ஏற்றுவது தகவல் தொழில்நுட்ப ஆசிரியரின் வேலை. அவருடைய யோசனை வீணாகவில்லை. ஆனால் தாளில் பெயர் ஒன்றும் இருக்காது, அலுவலகக் கணினியில் மட்டும் இருக்கும். இடமாற்றம் வந்தாலும் கணினி இடம் மாறாது.

இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். வெருகல், குச்சவெளிப் பக்கங்களில் நூறு நூற்றைம்பது பிள்ளைகளும் ஏழெட்டு ஆசிரியர்களும் உள்ள பாடசாலைக்கு இவ்வளவு வேண்டாம். அதிபருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும். சம்பவத்திரட்டும், சுவரில் தொங்கும் கலண்டரில் ஒரு பேனைப் புள்ளியும் போதும். நகரில் இரண்டாயிரம் பிள்ளைகளை நெருங்கும் பாடசாலைக்குப் பாதித்தாள் கிழித்துக் கட்டுப்படியாகாது. அங்கே ஃபோம்தான் சரி, ஆனால் பாடசாலையின் பெயரிலுள்ள கணக்கில், பெயர் வேறு தாளில். புள்ளி அட்டையை மட்டும் எந்த அளவுப் பாடசாலைக்கும் சொல்லமாட்டேன்.

ஒரு விசயத்தில் அதிபரோடு எனக்கு இன்னும் முரண்பாடு. மாத எண்ணை வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்தில் காட்ட வேண்டும், மற்றப் பாடசாலைகளும் பார்க்கட்டும் என்கிறார். வேண்டாம் என்கிறேன். எண்ணை ஒப்பிடத் தொடங்கிய மறுநாளே எழுதாத பாடசாலை முதலாமிடத்துக்கு வரும். எழுதத் தொடங்குகிற முதல் தவணையில் எண் கூடத்தான் செய்யும்; முன்பு கண்ணில் படாதது இப்போது தாளில் படுகிறது. அதைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் ஆசிரியர்கள் துண்டை மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார்கள். எண் எங்கள் ஆசிரியர் அறைச் சுவரோடு நிற்கட்டும்.

ரிலீவ் பட்டியலுக்குத் துண்டு வரும்வரை காத்திருக்கவில்லை. முதல் பாடவேளை இல்லாத ஒருவர் இப்போது 7.45க்கே பட்டியலைப் போட்டு ஒட்டிவிடுகிறார். கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில், இடைவேளை முடிந்து வியர்த்துக் கொட்டி வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு முன்னால் ஓர் ஆசிரியர் நிற்பார். 10.45க்குத் துண்டு குறைகிறதா என்று அப்போது எண்ணிப் பார்க்கலாம்.

கேற்றடியில் வாச்சர் ஐயாவுக்கு ஒரு தனிக் கொப்பி கொடுத்திருக்கிறோம். அதில் பிள்ளைகளின் பெயர் எழுதக்கூடாது என்று சொன்னபோது, "அப்ப என்ன சேர் எழுதுறது?" என்று கேட்டார். பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதச் சொன்னேன். முதல் கிழமைப் பக்கத்தில் ஐந்து நாளுக்கு ஐந்து நேரம், நீல மையில், அழகான எழுத்தில் இருந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் பஸ்காரருக்கு எழுதும் கடிதத்தோடு அந்தப் பக்கத்தின் பிரதியைச் சேர்த்து அனுப்புகிறார்.